ஆஃப்ரோடு வண்டியைச் சொந்தக் கையால் மேம்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி கைக்கு வந்ததும் பலருடைய கண் முதலில் போவது இரும்பு பம்பர் மீதும் கூரை விளக்குகள் மீதும்தான். இரண்டும் வண்டியின் தோற்றத்தை மாற்றும். ஆனால் சேற்றில் வழுக்கிச் சுழலும் சக்கரத்துக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. முன் அச்சின் மேல் பாரம் கூடி, மூக்கு தாழ்ந்து, பிரேக் பிடிக்கும் தூரம்தான் நீளும்.

வண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால் அதன் விளைவு வேறொரு பாகத்தில் போய் நிற்கும். டயரைப் பெரிதாக்கினால் கியர் விகிதம் மாறுகிறது. உயரத்தைக் கூட்டினால் ஸ்டியரிங் கோணமும் பிரேக் ஹோஸின் நீளமும் போதாமல் போகின்றன. வின்ச் (மோட்டாரால் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) பூட்டினால் பேட்டரிக்கும் முன் ஸ்பிரிங்குக்கும் வேலை கூடுகிறது. அதனால் ஒரு வேலையைத் தொட்டால், அது இழுத்துவரும் துணை வேலைகளையும் சேர்த்து முடித்து, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் அமைந்தது.

படி 1: இருக்கிற வண்டியை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி), முன் பின் டிஃபரன்ஷியல் (அச்சின் இடது வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும் கியர்) எல்லாவற்றின் ஆயிலையும் பாருங்கள். டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

பிறகு ஒவ்வொரு முன் சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங்கோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கும். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் டை ராட் எண்டு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் மூட்டு). சிறிய டயரில் அடங்கியிருக்கும் இந்த ஆட்டம், கனமான டயர் போட்டதும் ஸ்டியரிங் நடுக்கமாக வெளிப்படும்.

அடுத்து எடைமேடை. டேங்க் நிறைய எரிபொருளும், வழக்கமாக வரும் ஆட்களும் சாமானும் இருக்கும் நிலையில் முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என்று மூன்று எடையையும் எடுங்கள். கதவோரப் பட்டையிலோ கையேட்டிலோ உள்ள அனுமதிக்கப்பட்ட மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். 2018-இல் வந்த சுசூகி ஜிம்னியின் அனுமதி எடை 1,435 கிலோ. வண்டியின் சொந்த எடை போக மிஞ்சுவது சுமார் 300 கிலோதான். இரண்டு பெரியவர்கள் ஏறினாலே அதில் பாதி போய்விடும். மீதியில் இரும்பு பம்பர், வின்ச், கூரைத் தட்டு, அடிக்கவசம், கனமான டயர் எல்லாவற்றையும் அடக்க முடியாது. பெரிய வண்டிகளில் இடம் கொஞ்சம் தாராளம், ஆனால் கணக்கு அதே கணக்குதான். வாங்க நினைக்கும் ஒவ்வொரு பாகத்தின் எடையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் பாதி ஆசைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

கடைசியாக, வண்டியை எந்த மாற்றமும் இல்லாமல் நீங்கள் போக விரும்பும் மாதிரிப் பாதையில் ஓட்டிப் பாருங்கள். எது தடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சக்கரம் வழுக்குகிறதா? அதற்கு மருந்து டயரும் காற்றழுத்தமும். முன் பம்பரின் கீழ் உதடு ஏற்றத்தில் இடிக்கிறதா? அது அணுகு கோணத்தின் (முன் பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவின்) குறை. வயிறு மேட்டில் உட்காருகிறதா? உயரமும் கவசமும் வேண்டும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்று மற்றவை சும்மா நிற்கின்றனவா? அங்கேதான் டிஃப் லாக் (அச்சின் இரு சக்கரங்களையும் சேர்ந்து சுழலவைக்கும் பூட்டு) பேச்சு வருகிறது.

பாகம் வாங்கும் முன் பதிவு விதிகளையும் காப்பீட்டு நிபந்தனைகளையும் விசாரியுங்கள். உயரம், டயர் அளவு, பம்பர், விளக்கு ஆகியவற்றுக்கு நாட்டுக்கு நாடு வரம்பு வேறு. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீடு மறுக்கப்படலாம்.

படி 2: வேலை செய்யும் இடம்

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கியபின் சேஸிஸுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்டு வைத்து, வண்டியைத் தள்ளி ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகே அடியில் போங்கள். உயரமான ஹை-லிஃப்ட் ஜாக்கியை நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். அதன் அடித்தட்டு சிறியது, பக்கவாட்டில் சாயும்.

டார்க் ரெஞ்சு (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பானர்), நல்ல சாக்கெட் செட்டு, உங்கள் வண்டியின் வொர்க்‌ஷாப் மேனுவல் மூன்றும் வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் மறுநாள் பாதி வேலை குறையும். கழற்றும் முன் கைபேசியில் படம் எடுங்கள்.

படி 3: மீட்புக் கொக்கிகள்

சிக்கும் வண்டியை வெளியே எடுக்க வழியில்லாமல் அதைச் சிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆகவே செலவழிக்கும் முதல் காசு இங்கே போகட்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொழிற்சாலையிலிருந்து வரும் சில வளையங்கள் வண்டியை லாரியிலோ கப்பலிலோ ஏற்றிக் கட்டுவதற்கானவை. இழுத்து மீட்கும் அதிர்ச்சியை அவை தாங்க மாட்டா. சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கும், சுமைத்திறன் பொறித்த மீட்புக் கொக்கிகளை முன்னும் பின்னும் பூட்டுங்கள். போல்ட்டின் தரமும் இறுக்கமும் தயாரிப்பாளர் சொன்னபடியே இருக்க வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மீட்புக் கயிற்றை ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்தால் குண்டாகப் பாயும்; உயிர்கள் போயிருக்கின்றன.

கயிற்றைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிளில் வேலைச்சுமை பொறித்திருக்கும். 3/4 அங்குல வில் ஷேக்கிள் வழக்கமாக 4.75 டன். பொறிப்பு இல்லாத ஷேக்கிளை வாங்கவே வேண்டாம். நீளும் தன்மையுள்ள மீட்புக் கயிறு ஒரு வண்டி இன்னொரு வண்டியை இழுப்பதற்கு. அதை வின்ச்சோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. இழுக்கும் நேரத்தில் மற்ற எல்லோரும் கயிற்றின் நீளத்தைவிடக் கூடுதல் தூரத்தில், பக்கவாட்டில் நிற்கட்டும்.

படி 4: டயர்

வண்டிக்குச் செய்யும் மாற்றங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் டயரைச் சொல்வேன். தரையைத் தொடுவது அது ஒன்றுதானே.

தார்ச் சாலையும் மண்பாதையும் கலந்து ஓடும் வண்டிக்கு ஏ.டி. (ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்குமானது) வகை போதும். எம்.டி. (மட் டெரெய்ன், சேற்றுக்கானது) வகையின் அகலமான பள்ளங்கள் சேற்றை உதறித் தள்ளும். ஆனால் இரைச்சலும் எடையும் கூடும், ஈரமான தார்ச் சாலையில் பிடி குறையும். வாரத்தில் பெரும்பாலான நாள் சாலையில் ஓடும் வண்டிக்கு எம்.டி. போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 195/80ஆர்15 என்றால் அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ. அதை இரட்டித்து, 15 அங்குல ரிம்மின் 381 மி.மீ.-ஐக் கூட்டினால் விட்டம் 693 மி.மீ. அதற்குப் பதில் 235/75ஆர்15 போட்டால் விட்டம் 733.5 மி.மீ. வித்தியாசம் 40.5 மி.மீ. இதில் பாதிதான், சுமார் 20 மி.மீ., அச்சுக்கு அடியில் கூடும் இடைவெளி. குறைவாகத் தோன்றலாம். ஆனால் திட அச்சு (இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே உறையில் இணைக்கும் அச்சு) வண்டியில் டிஃபரன்ஷியலின் அடிவயிற்றை உயர்த்துவது டயர் மட்டுமே. சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் சேஸிஸ்தான் மேலே போகும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதே மாற்றத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். விட்டம் 5.8 சதவீதம் கூடியதால் வேகமானி 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 106-இல் போய்க்கொண்டிருக்கும். எல்லா கியரும் அதே அளவு நீளும். ஏற்றத்தில் இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். 5 சதவீதத்தை ஒட்டிய மாற்றத்தைப் பல வண்டிகள் பொறுத்துக்கொள்ளும். 10 சதவீதத்தைத் தாண்டினால் அச்சின் கியர் விகிதத்தையும் மாற்ற வேண்டிய கட்டம் வந்துவிடும்.

பக்கச்சுவரில் உள்ள சுமைக் குறியீடு பழைய டயரைவிடக் குறையக் கூடாது. தயாரான தேதியும் அங்கேயே நான்கு இலக்கத்தில் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும். நான்கு சக்கர இயக்கத்தில் முன்னும் பின்னும் வெவ்வேறு விட்டத்தில் டயர் ஓடினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறி உடையும்.

ரிம்மை மாற்றினால் ஆஃப்செட்டை (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் உள்ள தூரம்) கவனியுங்கள். ஆஃப்செட் எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பார்வைக்கு எடுப்பாகத் தெரியும், ஆனால் வீல் பேரிங் மேல் நெம்புவிசை கூடும். திரும்பும்போது டயர் ஃபெண்டரில் உரசும்.

உரசலைத் தரையில் நிறுத்தி மட்டும் பார்த்தால் போதாது. ஒரு முன் சக்கரத்தைச் சரிவுப் பலகையிலோ மேட்டிலோ ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். உள்லைனர், மட்கார்டு, சஸ்பென்ஷன் கை மூன்றும்தான் வழக்கமாக உரசும் இடங்கள்.

டயரோடு கூடவே ஒரு நல்ல காற்றழுத்தமானியும் 12 வோல்ட் கம்ப்ரசரும் வாங்குங்கள். காற்றைக் குறைத்தால் டயர் தரையில் படும் பரப்பு நீளவாக்கில் வளரும். அந்த நீளம்தான் மணலில் மிதக்க வைக்கிறது. சாலையில் 32 பிஎஸ்ஐ ஓடும் வண்டிக்குச் சரளைப் பாதையில் 25-ஐ ஒட்டியும், மென்மணலில் 15 முதல் 18 வரையும் தொடங்கலாம். சாதாரண ரிம்மில் 12-க்குக் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. காற்று குறைந்த டயரில் மெதுவாக ஓட்டுங்கள். சாலையில் ஏறும் முன் திரும்ப நிரப்புங்கள். குறைந்த அழுத்தத்தில் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும்.

இந்தக் கட்டத்தில் சில மாதங்கள் நின்று ஓட்டிப் பாருங்கள். நிறையப் பேருக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

படி 5: உயர்த்துதல்

காயில் ஸ்பிரிங்கும் திட அச்சும் உள்ள வண்டிக்கு 50 மி.மீ. வரை உயர்த்துவது வீட்டில் செய்யக்கூடிய வேலை. அதற்கு மேல் போனால் துணை வேலைகள் பெருகுகின்றன. கவிழும் அபாயமும் கூடுகிறது. ஸ்பிரிங்கின் மேல் வைக்கும் ஸ்பேசர் மலிவான வழி. உயரம் கிடைக்கும், ஆனால் ஸ்பிரிங்கின் சுமை தாங்கும் திறன் மாறாது. வண்டியில் நிரந்தரமாக எடை கூடியிருந்தால் அந்த எடைக்கேற்ற புது ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் நீளமான ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) தான் சரி. படி 1-இல் எடுத்த எடைக் கணக்கு இங்கே கைகொடுக்கும்.

பின்பக்கத்தில் தொடங்குங்கள், அங்கே சிக்கல் குறைவு. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கர நட்டுகளை இளக்கி, வண்டியைத் தூக்கிச் சேஸிஸுக்கு ஸ்டாண்டு வையுங்கள். டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து அச்சைத் தாங்கிப் பிடியுங்கள். சக்கரங்கள், ஆன்டி-ரோல் பாரின் (திருப்பத்தில் சாய்வைக் குறைக்கும் கம்பி) இணைப்பு, ஷாக்கின் கீழ் போல்ட், பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் பிராக்கெட், ஏபிஎஸ் ஒயர் கிளிப் ஆகியவற்றைக் கழற்றுங்கள். இப்போது ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். கண் பிரேக் ஹோஸிலும் அச்சின் பிரீதர் குழாயிலும் (அச்சுக்குள் காற்று போய்வரும் குழாய்) இருக்கட்டும். அச்சின் பாரம் ஹோஸில் தொங்கினால் உள்ளே விரிசல் விடும். அது வெளியே தெரியாது.

அச்சு போதிய அளவு இறங்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். மேலுள்ள ரப்பர் வளையத்தைப் புது ஸ்பிரிங்கில் பொருத்தி, அதன் வால்முனை தன் பள்ளத்தில் சரியாக உட்காரும்படி வையுங்கள். இடது வலது ஸ்பிரிங்குகளுக்குத் தனித்தனிக் குறி இருந்தால் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

புது ஷாக்கைப் பூட்டி எல்லா போல்ட்டையும் இப்போதைக்குக் கையால் லேசாக மட்டும் இறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் முழு டார்க்கில் இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். வீட்டில் செய்யும் வேலைகளில் அதிகம் தவறும் இடம் இதுதான்.

முன்பக்கமும் இதே முறைதான். முடிந்ததும் பார்க்க வேண்டிய துணை வேலைகள் இருக்கின்றன. உயர்த்தியதும் முன் அச்சின் மேல்பக்கம் முன்னோக்கிச் சுழன்று கேஸ்டர் கோணம் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். இதற்குக் கேஸ்டர் திருத்தும் புஷ்ஷோ, நீளம் மாற்றத்தக்க கையோ உண்டு. பன்ஹார்டு ராட் (அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) உள்ள வண்டியில் அச்சு ஒரு பக்கமாகச் சற்று நகர்ந்திருக்கும்; நீளம் மாற்றத்தக்க ராட் போட்டால் நடுவுக்கு வரும். டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடி அதிர்வு வந்தால் அதையும் திருத்த வேண்டும். பம்ப் ஸ்டாப்பும் (அச்சு அளவுக்கு மேல் எழாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) உயரத்துக்கேற்ப நீள வேண்டும். இல்லையேல் டயர் ஃபெண்டரில் போய் முட்டும்.

அச்சு முழுதாகத் தொங்கும் நிலையில், ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இழுபட்டால் நீளமான ஹோஸ் மாற்றாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். சில வண்டிகளில் பின் அச்சோடு இணைந்த, சுமையை உணரும் பிரேக் வால்வு ஒன்று இருக்கும். உயர்த்தியபின் அது வண்டி காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் இணைப்பையும் அதே அளவு உயர்த்த வேண்டும்.

லீஃப் ஸ்பிரிங் வண்டியில் பழைய யு-போல்ட்டை மீண்டும் போடாதீர்கள். ஒருமுறை இறுகி நீண்ட இரும்பு அது. முன் அச்சில் லிஃப்ட் பிளாக் (அச்சுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் இடையில் வைக்கும் கட்டை) வைக்கவே கூடாது. தனித்தனிச் சக்கர சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும் ஸ்ட்ரட் இருக்கும். அமுக்கப்பட்ட அந்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொன்றுவிடும். ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்து மாற்றி வாங்கிப் பூட்டுங்கள்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட், ஸ்டியரிங் கோண சென்சாரின் சீரமைப்பு, முகப்பு விளக்கின் தாழ்வுத் திருத்தம். மூன்றும் அன்றே நடக்கட்டும்.

படி 6: அடிக்கவசமும் தண்ணீரும்

ஸ்டியரிங் இணைப்புகள், ஆயில் பேன், டிரான்ஸ்ஃபர் கேஸ், டேங்க் என்ற வரிசையில் கவசம் போடுங்கள். பாறை வழியில் போகிறவர்களுக்கு ராக் ஸ்லைடர் (கதவுக்குக் கீழே பக்கவாட்டைக் காக்கும் இரும்புக் குழாய்) அவசியம். அது பாடியில் அல்ல, சேஸிஸில் பிடிக்க வேண்டும். ஆயில் மாற்றும் துளை கவசத்தில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

தண்ணீர் என்றதும் ஸ்நார்க்கல் (இன்ஜினுக்குக் கூரை உயரத்திலிருந்து காற்று இழுக்கும் குழாய்) நினைவுக்கு வரும். அதற்கு முன் அச்சின் பிரீதர் குழாய்களை இன்ஜின் அறையின் மேல்மட்டத்துக்கு நீட்டுங்கள். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். குழாய் தாழ்வாக இருந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மலிவான குழாயும் சில கிளிப்புகளும் போதும், ஒரு மாலையில் முடியும். ஸ்நார்க்கல் போட்டால் இன்ஜின் வரை உள்ள எல்லா இணைப்பும் அடைபட்டிருக்க வேண்டும், காற்று வடிகட்டிப் பெட்டியின் வடிகால் துளை உட்பட. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். அதோடு, ஸ்நார்க்கல் மூச்சுக்கு மட்டுமே. மின் பெட்டிகளுக்கு அது பாதுகாப்பு ஆகாது.

படி 7: மின்சாரம்

வண்டி தீப்பிடிக்கக் காரணமாகும் வேலை இது. அவசரப்படாதீர்கள்.

முதலில் பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள். 60 வாட் விளக்கு இரண்டு என்றால் மொத்தம் 120 வாட். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். பேட்டரியிலிருந்து விளக்குக்கு 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் இந்த 10 மீட்டருக்கு ஏறக்குறைய 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். ஃபியூஸ் ஒயரைக் காப்பதற்கு. அதனால் பேட்டரிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகப் போடுங்கள். இந்த விளக்குகளுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும்.

ரிலேயில் (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) 30 என்ற முனைக்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87-க்கு விளக்கு, 86-க்கு ஸ்விட்ச், 85-க்கு எர்த். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிப் பளிச்சென்ற இரும்பில் இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பூட்டிய விளக்கு மங்கலாகவோ விட்டுவிட்டோ எரிந்தால் முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள். இணைப்புகளைச் சரியான கருவியால் கிரிம்ப் செய்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். தகட்டைத் துளைத்துப் போகும் ஒயருக்கு ரப்பர் குரோமெட் கட்டாயம். ஏர்பேக் உள்ள தூண்களில் துளை போடாதீர்கள்.

ஃப்ரிட்ஜ் போன்றவற்றுக்கு இரண்டாவது பேட்டரி வைப்பதானால், வண்டியில் இருப்பது மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டரா என்று பாருங்கள். அப்படியென்றால் இரு பேட்டரிகளை இணைத்துப் பிரிக்கும் சாதாரண ஐசோலேட்டர் போதாது, மின்னழுத்தத்தைச் சரிசெய்து ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

படி 8: வின்ச்சும் அதைத் தாங்கும் பம்பரும்

தனியாகப் போகிறவர்களுக்கு வின்ச் தேவை. எப்போதும் இரண்டு மூன்று வண்டிகள் சேர்ந்து போகும் வழக்கமென்றால் மீட்புக் கயிறும் மணல் பலகையும் பெரும்பாலும் போதும். அந்த எடையை மிச்சப்படுத்தலாம்.

சுமை ஏற்றிய வண்டியின் மொத்த எடையில் ஒன்றரை மடங்கு திறன் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 2,500 கிலோ வண்டிக்கு 3,750 கிலோ. 9,500 பவுண்டு வகை, அதாவது 4,309 கிலோ, இதற்குப் போதும். இந்தத் திறன் உருளையின் முதல் சுற்றடுக்குக்கு மட்டுமே உரியது. மேலடுக்குக்குப் போகப் போக இழுவிசை குறையும். ஸ்னாட்ச் பிளாக் (கயிற்றை மடித்துத் திருப்பும் கப்பி) ஒன்றைச் சேர்த்தால் வேகம் பாதியாகி இழுவிசை ஏறக்குறைய இரட்டிக்கும்.

முழுச் சுமையில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியர் வரை இழுக்கும். ஆல்டர்னேட்டரால் அவ்வளவு தர முடியாது, பேட்டரிதான் கொடுக்கிறது. ஆகவே பேட்டரி நல்ல நிலையில் இருக்கட்டும், இன்ஜின் ஓடட்டும், விட்டுவிட்டு இழுங்கள். வின்ச்சுக்கு வரும் பாசிடிவ் கம்பியில் ஒரு துண்டிப்பு ஸ்விட்ச் வையுங்கள்.

ஸ்டீல் கயிற்றைவிடச் செயற்கை நார்க்கயிறு எடை குறைவு, அறுந்தால் பாயும் ஆபத்தும் குறைவு. ஆனால் பாறையின் கூர்முனையும் வெயிலும் அதைத் தின்னும். கயிறு வெளியே வரும் வாய்க்கு ஃபேர்லீட் என்று பெயர்: நார்க்கயிற்றுக்கு வழவழப்பான ஹாஸ் ஃபேர்லீட், ஸ்டீலுக்கு ரோலர். புதுக் கயிற்றை முதல் முறை சுற்றும்போது மென்சரிவில் வண்டியையே இழுக்கவைத்து, இறுக்கத்தோடு சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் சுமை வரும்போது மேலடுக்கு கீழடுக்குக்குள் புதைந்து சிக்கும். உருளையில் ஸ்டீல் என்றால் குறைந்தது 5 சுற்றும், நார்க்கயிறு என்றால் 8 முதல் 10 சுற்றும் எப்போதும் மிஞ்சியிருக்க வேண்டும்.

பம்பர் உங்கள் வண்டியின் ஏர்பேக் அமைப்புக்கு ஏற்றதென்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். பூட்டியபின் முன் அச்சை மறுபடி எடைபோட்டு, மூக்கு தாழ்ந்திருந்தால் முன் ஸ்பிரிங்கை மட்டும் ஒரு நிலை கனமானதாக மாற்றுங்கள்.

படி 9: லாக்கரும் கியர் விகிதமும்

ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் சாதாரண டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தையே சுழற்றும். லாக்கர், அதாவது டிஃப் லாக், இரண்டு சக்கரத்தையும் பிணைத்துவிடும். காற்றாலோ மின்சாரத்தாலோ இயங்கி, வேண்டும்போது மட்டும் பிணைக்கும் வகை, சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்கு ஏற்றது. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் பெரும்பாலும் பின் அச்சில் போடுங்கள், ஏற்றத்தில் எடை அங்கேதான் சாய்கிறது.

ஆனால் இதைப் பூட்டுவதை நான் வீட்டு வேலையாகச் சொல்ல மாட்டேன். டிஃபரன்ஷியலில் ஒன்றோடொன்று பொருந்தும் பற்சக்கரங்களான கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலான இடைவெளியை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவில் டயல் கேஜ் வைத்துச் சரிசெய்ய வேண்டும்; பல் படியும் தடத்தை மை தடவிப் படிக்கத் தெரிய வேண்டும். ஆயில் வடிப்பது, அச்சுத்தண்டைக் கழற்றுவது, சுவிட்சும் காற்றுக் குழாயும் இழுப்பது போன்றவற்றை நீங்கள் செய்துவிட்டு, டிஃபரன்ஷியலை மட்டும் கழற்றி அனுபவமுள்ள கைகளிடம் கொடுங்கள்.

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும்

முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளையும், கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். இறுக்கிய போல்ட்டின் தலைக்குக் குறுக்கே பெயின்ட் கோடு ஒன்று இழுத்துவிட்டால் அடுத்த முறை இளகியிருக்கிறதா என்பது பார்த்த உடனே தெரியும். காலியான சாலையில் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டிப் பிரேக் அடித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று சோதியுங்கள். முதல் கரடுமுரடான ஓட்டம் முடிந்ததும் பிரேக்கிலும் ரேடியேட்டரிலும் அப்பிய சேற்றைக் கழுவி, ஃபெண்டரின் உட்புறம், ஒயர் போன தடம், பிரேக் ஹோஸ் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகப் பளபளக்கும் உரசல் தடம் எங்கே தெரிந்தாலும் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த பாகத்துக்குக் காசு எடுக்க வேண்டும்.